பரிசா, வாசகரா? பிள்ளைகளின் வாசிப்புக்காக ஒரு சங்கம் எதில் பணம் போடலாம்

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அது வருவதற்கு முன்பே கொழும்பில் உள்ள பழைய மாணவர் சங்கங்கள், கோயில் சபைகள், நலன்புரிச் சங்கங்கள் பலவற்றின் கூட்டங்களில் ஒரு பேச்சு எழும்: “இந்த முறை பிள்ளையளின்ர வாசிப்புக்கு ஏதாவது செய்ய வேணும்.” கையில் கொஞ்சம் பணம் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் இன்னும் கொஞ்சம் அனுப்புவதாகச் சொல்லியிருப்பார். பத்து நிமிடத்தில் கட்டுரைப் போட்டி என்று தீர்மானம் ஆகிவிடும். மண்டபம், பதாகை, கேடயம், பிரதம விருந்தினர் என்று மீதிக் கூட்டம் போகும்.

அந்தப் பத்து நிமிடத்தை ஒரு மணித்தியாலமாக நீட்டச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளை வாசிக்கவும் எழுதவும் வைக்கப் போட்டி ஒரு வழி. வாசிப்புச் சவால் இன்னொன்று. வாரத்துக்கு ஒரு முறை கூடும் வாசிப்பு வட்டம், பிள்ளைகளே நடத்தும் கையெழுத்துச் சஞ்சிகை என்றும் வழிகள் இருக்கின்றன. நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை, ஒரே வயதுக்கும் பொருந்துவதில்லை. ஆனால் ஒரு சங்கத்துக்கு ஒரு வருடத்துக்கு ஒரு வரவுசெலவுதான். ஆகவே எதையோ தெரிய வேண்டும், எதையோ விட வேண்டும்.

என் தெரிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வாசிப்பு வட்டம். அதற்கு மேற்பட்டவர்களுக்குக் கையெழுத்துச் சஞ்சிகை. போட்டிக்குப் பணம் மிஞ்சினால் பார்க்கலாம், மிஞ்சாவிட்டால் பரவாயில்லை. ஏன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை.

போட்டி

போட்டியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அல்ல. போட்டி ஒரு கடைசித் திகதியைத் தருகிறது, எழுதத் தொடங்கி நடுவில் விட்டுவிடும் பிள்ளைக்கு அது பெரிய உதவி. கொழும்பில் இன்னொரு காரணமும் இருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சைக்கும் சாதாரண தரத்துக்கும் இடையில் பிள்ளையின் மாலைப் பொழுது முழுவதும் ரியூசனுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது. சும்மா இருந்து கதை எழுதப் போகிறேன் என்றால் வீட்டில் விடமாட்டார்கள். போட்டி, சான்றிதழ் என்றால் ஒரு பின்னேரம் விட்டுக்கொடுப்பார்கள்.

ஆனால் அந்தப் போட்டி ஏற்கெனவே இருக்கிறதே. கல்வி அமைச்சு நடத்தும் அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் கட்டுரை, கவிதை, சிறுகதை, பேச்சு, பாவோதல் என்று தொடங்கி இசை, நடனம், நாடகம் வரை இருக்கின்றன. வகுப்பின்படி பிரிவுகள் பிரித்து, பாடசாலையில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறி, கடைசியில் தேசிய மட்டத்துக்குப் போகும். இதற்கு எந்தச் சங்கமும் செலவு செய்யத் தேவையில்லை. கொழும்பில் தமிழ்மொழி மூலம் படிக்கும், எழுத்தில் ஏற்கெனவே கை தேறிய பிள்ளைக்கு இதைவிடப் பெரிய களத்தை ஒரு பழைய மாணவர் சங்கம் அமைத்துக் கொடுக்க முடியாது. அதன் மாதிரியிலேயே சின்னதாக ஒன்றை நாங்களும் நடத்தினால், அங்கே வென்ற அதே பிள்ளைதான் இங்கேயும் வெல்லும். வீட்டுச் சுவரில் இன்னொரு கேடயம் ஏறும்.

சர்வதேசப் பாடசாலைகளிலும் ஆங்கில மொழிமூல வகுப்புகளிலும் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வழி திறந்தே இருக்கிறது. ரோயல் கொமன்வெல்த் சொசைற்றி 1883 முதல் நடத்திவரும் கட்டுரைப் போட்டிக்கு, பொதுநலவாய நாடுகளில் ஒன்றான இலங்கையிலிருந்து எந்தப் பிள்ளையும் இணையம் வழியாக அனுப்பலாம். கட்டணம் இல்லை. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு பிரிவு, பதினான்கிலிருந்து பதினெட்டு வரை இன்னொரு பிரிவு. மூத்தவர்களுக்கு 1,500 சொல் எல்லை. அந்தப் போட்டியில் எனக்குப் பிடித்த விடயங்கள் இரண்டு. கட்டுரை என்று பெயர் இருந்தாலும் கதையாக, கவிதையாக, கடிதமாக, நாடகமாகக்கூட எழுதி அனுப்பலாம். அடுத்தது, முதல் பரிசு பெறுவோரைத் தவிர, தரத்துக்கு ஏற்பத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பலருக்கும் அங்கீகாரம் கிடைக்கிறது. எங்கள் ஊர்ப் போட்டிகளில் இந்த இரண்டும் இல்லாமல் இருப்பதுதான் பெரிய குறை.

நடுவராக இருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. “வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும்” என்ற தலைப்பில் வந்த ஒரு கட்டுக் கட்டுரைகளை ஒரு முறை திருத்தினேன். முதல் பந்தி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்று. இரண்டாம் பந்தியில் பண்டைய அறிஞர் ஒருவர், மூன்றாம் பந்தியில் கைத்தொலைபேசியின் தீமை. ரியூசனில் கொடுத்த குறிப்பை மனனம் செய்து வந்து இறக்கிவைத்திருந்தார்கள். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தலைப்புக்கு வேறு எதை எழுதுவது? அந்தக் கட்டில் ஒரே ஒரு தாளில் மட்டும், நடுப் பந்தியில், எந்தக் குறிப்பிலும் இல்லாத சில வரிகள் இருந்தன. வீட்டில் ஒரே அறை, தங்கச்சி நித்திரையானால் லைற் போடக்கூடாது, அதனால் தான் மாடிப்படியில் இருந்து வாசிப்பதாகவும், மேல்வீட்டு மாமா ஏறி வரும்போது எழும்பி வழிவிட வேண்டும் என்றும் அந்தப் பையன் எழுதியிருந்தான். றகர ரகரப் பிழை நிறைய. கையெழுத்தும் அடித்தல் திருத்தல்களோடு இருந்தது. புள்ளித் திட்டத்தின்படி மொழித் தூய்மைக்கு இவ்வளவு, அமைப்புக்கு இவ்வளவு என்று போட்டுக் கூட்டினால் அவன் முதல் பத்துக்குள்ளும் வரவில்லை. முடிவு அறிவித்தார்கள், கட்டைப் பெட்டிக்குள் வைத்தார்கள். மாடிப்படியைப் பற்றி எழுதிய இடம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று அவனுக்குச் சொல்ல அந்தப் போட்டியில் ஒரு வழியும் இருக்கவில்லை.

போட்டியில் என் மனதை உறுத்துவது தோல்வி அல்ல. தோற்கப் பிள்ளைகளுக்குத் தெரியும், கிரிக்கெட்டில் தினமும் தோற்கிறார்கள். உறுத்துவது அந்த மௌனம். நூறு பிள்ளைகள் எழுதினால் மூவருக்குப் பரிசு, ஐவருக்கு ஆறுதல் பரிசு. மற்றத் தொண்ணூற்றிரண்டு பேருக்கும், தாங்கள் எழுதியதை ஒருவர் முழுதாக வாசித்தாரா இல்லையா என்பதே தெரியாது. எழுதத் தொடங்கும் வயதில் தேவைப்படுவது, “இந்த இடம் பிடித்தது, அந்த இடம் விளங்கவில்லை” என்று சொல்லும் ஓர் ஆள்.

வாசிப்புச் சவால்

இத்தனை நாளுக்குள் இத்தனை புத்தகம் என்று எல்லை வைத்து, முடித்தவர்கள் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுப்பதுதான் வாசிப்புச் சவால். இதில் பிரபலமானது பிரித்தானியப் பொது நூலகங்களில் 1999 முதல் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் நடக்கும் சவால். நான்கு வயது முதல் பதினொரு வயது வரையான பிள்ளைகள் நூலகத்தில் பதிந்து, விடுமுறைக்குள் ஆறு புத்தகம் வாசிக்க வேண்டும். எந்தப் புத்தகம் என்பது பிள்ளையின் விருப்பம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒட்டுப்படம் போன்ற சின்னப் பொருட்கள் கிடைக்கும், முடிவில் ஒரு சான்றிதழ். முதலாமிடம் என்று ஒன்று இல்லை.

ஆறு என்ற எண்ணிக்கையில் ஒரு நிதானம் இருக்கிறது. இங்கே நாங்கள் தொடங்கினால் ஐம்பது, நூறு என்று போவோம், கூடுதலாக வாசித்தவருக்குத் துவிச்சக்கரவண்டி என்று அறிவிப்போம். அடுத்த நாளே மெல்லிய புத்தகங்கள் எல்லாம் அலுமாரியில் இருந்து காணாமல் போய்விடும். சுருக்கக் குறிப்பை அம்மா எழுதுவார்.

பரிசுக்கும் விருப்பத்துக்கும் உள்ள தொடர்பை லெப்பர், கிரீன், நிஸ்பெற் என்ற மூன்று உளவியலாளர்கள் சோதித்து 1973இல் வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள பாலர் வகுப்புப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, வரைந்தால் நாடா கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனைகளை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் கொடுத்த பரிசு அப்படி எதையும் கெடுக்கவில்லை.

இதை வைத்துப் பரிசே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைகள் முதலிலேயே விருப்பத்தோடு வரைந்தவர்கள். புத்தகத்தையே தொடாத பிள்ளையை வாசல்வரை கூட்டிவர ஓர் ஒட்டுப்படம் உதவலாம். ஆனால் ஆசையாக வாசிக்கும் பிள்ளைக்குப் புத்தகத்துக்கு இவ்வளவு ரூபா என்று விலை பேசுவது ஆபத்து. சவால் நடத்துவதென்றால் ஆறு புத்தகத்தோடு நிறுத்துங்கள். எழுத்துச் சுருக்கம் கேட்காதீர்கள். பிள்ளை வந்து இரண்டு நிமிடம் அந்தக் கதையைப் பற்றிக் கதைத்தால் போதும், வாசித்ததா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும். முடித்த பிள்ளைக்கு, தானே தெரிந்தெடுக்கும் ஒரு புத்தகத்தைக் கொடுங்கள்.

சவாலின் பலம், ஆள் பலம் குறைவாக இருந்தாலும் நடத்தலாம் என்பது. பலவீனம், ஆறு புத்தகம் முடிந்த பிறகு என்ன என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை என்பது. கொழும்பில் இன்னொரு சிக்கலும் சேரும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஏற்ற ஆறு தமிழ்ப் புத்தகங்களை வீட்டார் எங்கே போய்த் தேடுவார்கள்?

புத்தகம் எங்கே இருக்கிறது

கொழும்புப் பொது நூலகம் 1925இல் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய இரண்டு பழைய நூலகங்களின் சேர்க்கையில் பிறந்தது அது. இப்போது விகாரமகாதேவி பூங்காவுக்கு எதிரே இருக்கும் கட்டடத்துக்கு 1980இல் வந்தது. சிறுவர் பகுதி தனியாக இருக்கிறது. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம், 1942இல் தொடங்கியது, நூலகமும் மண்டபமும் உள்ள இடம். சங்கங்கள் இவற்றோடு போட்டி போட்டுத் தனி நூலகம் கட்டத் தேவையில்லை. தவணைக்கு ஒரு முறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உறுப்புரிமை எடுத்துக் கொடுப்பதே பெரிய காரியம். நன்கொடையாக வந்த கண்ணாடி அலுமாரியைப் பூட்டி, சாவியைச் செயலாளர் வைத்திருக்கும் நூலகங்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

இலவசமாக இணையத்திலும் நிறையக் கிடைக்கிறது. 2005இல் தொடங்கிய “நூலகம்” என்ற இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன. மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது ஒரு சுரங்கம். சின்னவர்களுக்கு ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் வாசிப்பு மட்டத்தின்படி நான்கு படிகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன; திறந்த உரிமம் என்பதால் அச்சிட்டும் கொடுக்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கமும் தன் சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில்தான் பிரித்தது. இந்தப் படி பிரிப்பை நாங்களும் பின்பற்ற வேண்டும். பத்து வயதானாலும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையிடம் நூறு பக்கப் புத்தகத்தைக் கொடுத்தால் அது திரும்பி வராது, புத்தகமும்தான், பிள்ளையும்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு உரிய நூல் என்று 1931இல் விதி வகுத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். நூலக இயலின் ஐந்து விதிகளில் இரண்டாவது அது.

வாங்குவதென்றால் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் இருக்கும் தமிழ்ப் புத்தகக் கடைகள் போதும். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது நல்ல அனுபவம். ஆனால் நெரிசல் அதிகம். சின்னவர்கள் ஆறுதலாகப் புரட்டிப் பார்த்துத் தெரிவு செய்யக் கடைதான் வசதி. 2022இல் ரூபாயின் பெறுமதி விழுந்த பிறகு தமிழ்நாட்டிலிருந்து வரும் புத்தகங்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. பல வீடுகளில் முதலில் வெட்டு விழுந்த செலவு இதுதான். ஒரு சங்கத்தின் பணம் உண்மையிலேயே தேவைப்படும் இடமும் இதுதான்.

வாசிப்பு வட்டம்

எட்டுப் பேரிலிருந்து பன்னிரண்டு பேர் வரை. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம். முதல் கால் மணித்தியாலம் பெரியவர் ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்டுவார். பிறகு அவரவர் விரும்பிய புத்தகத்தை அவரவர் வாசிப்பார்கள். கடைசியில் வாசித்ததைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு. போகும்போது ஒரு புத்தகம் வீட்டுக்கு. இரவல் கொடுப்பதை எழுத ஒரு சீ.ஆர். கொப்பி. இவ்வளவுதான். கேள்வித்தாள் வேண்டாம், திருத்தல் வேண்டாம், உரத்து வாசிக்கச் சொல்லி யாரையும் எழுப்பிவிட வேண்டாம்.

நான்கு வழிகளிலும் நான் இதற்கு முதலிடம் கொடுப்பதற்குக் காரணம், மற்ற மூன்றும் எட்டாத பிள்ளையை இது எட்டுகிறது. கொழும்பில் அப்படிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பெற்றோருக்குத் தெரியும். வீட்டில் சரளமாகத் தமிழ் பேசும், பாடசாலையில் எல்லாம் ஆங்கிலம். கடையின் பெயர்ப் பலகையைக்கூட ஆங்கிலத்தில்தான் வாசிக்கும். எங்கள் வட்டத்துக்கு அப்படி ஒரு சிறுமி வந்தாள். எழுத்துகள் தெரியும், ஆனால் ஒரு சொல்லை முடிப்பதற்குள் களைத்துவிடுவாள். பல வாரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள், பக்கத்தில் இருப்பவரின் புத்தகத்தில் படம் பார்த்தாள். ஒரு நாள், முதல் வாரம் வாசித்துக் காட்டிய அதே புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனாள். கதை காதில் இருந்தது, இனி என்ன வரும் என்று தெரியும், அதனால் எழுத்துகள் அவளுக்கு இடம் கொடுத்தன. அடுத்த வாரம் வந்து, “அன்ரி, நீங்க ஒரு வரி விட்டிட்டீங்க” என்று பக்கத்தைத் திறந்து காட்டினாள். உண்மைதான், வாசிக்கும்போது ஒரு வரி தவறியிருந்தது. அதன் பிறகு அவளுக்கு யாரும் புத்தகம் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவளை ஒரு கட்டுரைப் போட்டிக்கு எந்த வாசலால் கூட்டிப் போயிருக்க முடியும்?

வட்டத்தின் கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை அறநெறி வகுப்பு, பின்னேரம் ரியூசன், சனிக்கிழமை நடனமும் மிருதங்கமும். எல்லோருக்கும் ஒத்த நேரம் கிடைப்பது அரிது. தூரமும் ஒரு தடை. கொட்டாஞ்சேனையிலிருந்தும் மட்டக்குளியிலிருந்தும் ஒரு பிள்ளை வாராவாரம் வெள்ளவத்தைக்கு வராது. வந்தாலும் ஓட்டோக் காசு புத்தகக் காசைவிடக் கூடிவிடும். ஆகவே ஒரே இடத்தில் முப்பது பேரைக் கூட்டுவதை விட்டு, நடந்து வரக்கூடிய தூரத்தில் சின்ன வட்டங்களாக வைப்பது நல்லது. கோயில் மண்டபம், தேவாலயக் கூடம், அடுக்குமாடியின் பொது அறை எதுவும் சரி. கதவு திறந்திருக்க வேண்டும், எந்த நேரமும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எந்த ஏற்பாட்டிலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பெரிய கஷ்டம் ஆட்கள்தான். ஆர்வத்தில் தொடங்கும் தொண்டர் மூன்றாம் மாதம் களைத்துவிடுவார். இதற்கு ஒரு வழி கொழும்பிலேயே இருக்கிறது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்கும் பிறகு பல்கலைக்கழக அனுமதிக்கும் மாதக்கணக்கில் காத்திருக்கும் இளையோர் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அவர்களில் வாசிக்கும் பழக்கமுள்ள இருவரைப் பிடித்து, பயணச் செலவுக்கு மேல் ஒரு சிறு கொடுப்பனவும் கொடுங்கள். இலவச சேவை என்று சொல்லி இழுக்காதீர்கள். கேடயத்துக்குச் செலவழிக்க மனம் வரும் சங்கத்துக்கு இதற்கும் மனம் வர வேண்டும். சின்னவர்களுக்கும் அங்கிள்மாரைவிட, பத்தொன்பது வயது அக்காவும் அண்ணாவும் வாசித்துக் காட்டுவதுதான் பிடிக்கும்.

மேடை இல்லை, படம் எடுக்க எதுவும் இல்லை, பணம் அனுப்பியவருக்கு என்ன காட்டுவது என்று கேட்பார்கள். இரவல் கொப்பியைக் காட்டுங்கள். எந்தப் பிள்ளை, எந்தத் திகதி, எந்தப் புத்தகம், அடுத்து எந்தப் புத்தகம் என்று அதில் வரிசையாக இருக்கும். வெளியாருக்குக் காட்டும்போது பெயரை மறைத்துவிடுங்கள். ஒரு பிள்ளை படப் புத்தகத்திலிருந்து கதைப் புத்தகத்துக்கு எப்போது மாறியது என்பதுகூட அதில் தெரியும்.

கையெழுத்துச் சஞ்சிகை

இது எங்களிடம் இருந்து, நாங்களே கைவிட்ட ஒன்று. அந்தக் காலப் பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் இது சாதாரண விடயம். யாழ்ப்பாணத்தில் 1940களில் கையெழுத்துப் பிரதியாகத் தொடங்கிய மறுமலர்ச்சி, 1946இல் அச்சுக்கு வந்து, ஈழத்து இலக்கியத்தில் ஒரு காலகட்டத்துக்கே தன் பெயரைக் கொடுத்தது. தொடக்கத்தில் அது கையால் எழுதி, கைமாறி வாசிக்கப்பட்டதுதான்.

பன்னிரண்டு முதல் பதினாறு வயது வரையான பத்துப் பேர், இரண்டு மாதத்துக்கு ஒரு இதழ். ஆசிரியர் குழுவும் அவர்களே. கதை, கவிதை, பேட்டி, துணுக்கு, படம், எதுவும் வரலாம். அவரவர் தன் கையாலேயே எழுத வேண்டும். கடைசி நான்கு பக்கம் வெறுமையாக விட வேண்டும். வாசித்தவர்கள் கருத்து எழுதுவதற்கு. ஒரே ஒரு மூலப் பிரதி வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு வீட்டிலும் பேனை எடுத்து ஏதாவது எழுதித்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அம்மம்மாவும் எழுதலாம், அண்ணாவும் எழுதலாம். பிள்ளை முதலில் திறப்பது அந்தக் கடைசிப் பக்கங்களைத்தான்.

போட்டியின் மௌனத்துக்கு இது நேர் மருந்து. பாட்டியின் இடியப்ப உரலைப் பற்றி எழுதிய பிள்ளைக்கு, “நாங்கள் மாவை வறுத்தபின் அரிப்போம், நீங்கள் அதை எழுத மறந்துவிட்டீர்கள்” என்று முன்பின் தெரியாத ஓர் அம்மா எழுதியிருந்தால், அடுத்த இதழில் அந்தப் பிள்ளை விபரத்தில் கவனமாக இருக்கும். இதை எந்த நடுவரும் கற்றுக் கொடுக்க முடியாது. இதழைப் படமெடுத்து உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சித்தப்பாமார் பதில் எழுதுவார்கள். பொதுவெளியில் போடுவதென்றால் பிள்ளையின் முழுப்பெயரும் பாடசாலையும் வேண்டாம். முதிர்ந்த ஆக்கம் ஏதும் வந்தால் ஞாயிறு பத்திரிகைகளின் சிறுவர், மாணவர் பக்கங்களுக்கு அனுப்பலாம். 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் இன்னும் கொழும்பிலிருந்துதான் வருகின்றன.

செலவு மிகக் குறைவு: தாள், கோவை உறை, ஒளிப்பிரதி, கொஞ்சம் தேநீர். ஆனால் சஞ்சிகை மட்டும் இருந்து வாசிப்பு இல்லாவிட்டால் மூன்றாவது இதழில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதத் தொடங்குவார்கள். அதனால்தான் வட்டத்தையும் இதையும் பிரிக்காமல் நடத்தச் சொல்கிறேன். மூத்தவர்கள் சின்னவர்களின் வட்டத்தில் முறைவைத்து வாசித்துக் காட்டட்டும்.

அப்போ பணத்தை எப்படிப் பிரிப்பது

உங்களிடம் ஒரு இலட்சம் ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வயதுப் பிரிவுகள் வைத்து, பரிசு, கேடயம், மண்டபம், பதாகை, சிற்றுண்டி என்று போட்டியில் அது ஒரே நாளில் முடிந்துவிடும். அதே பணத்தில் பாதியைப் புத்தகத்துக்கும், மூன்றில் ஒரு பங்கை வட்டத்தை நடத்தும் இளையோருக்கும், மீதியைத் தாள், ஒளிப்பிரதி, தேநீருக்கும் ஒதுக்கினால் பல மாதம் ஓடும். புத்தகங்களை ஒரே தடவையில் வாங்கிக் குவிக்க வேண்டாம். முதல் மாதம் கொஞ்சம் வாங்கி, எது கைமாறுகிறது என்று இரவல் கொப்பியில் பார்த்துவிட்டு, அப்புறம் மீதியை வாங்குங்கள்.

ஆட்களே இல்லை, ஒருவர்தான் இருக்கிறார் என்றால் டிசம்பர் விடுமுறைக்கு ஆறு புத்தகச் சவால் ஒன்று போதும். இரண்டு பேர் ஒரு வருடம் நிற்பார்கள் என்றால் வட்டம். வட்டத்துக்கு மூத்த பிள்ளைகள் நாலைந்து பேர் வரத் தொடங்கினால் சஞ்சிகை. எழுத்தில் நன்றாகத் தேறிய பிள்ளை ஒன்றிரண்டு இருந்தால் அவர்களைத் தமிழ்மொழித் தினத்துக்கோ பொதுநலவாயப் போட்டிக்கோ ஊக்குவித்து, அனுப்பமுன் ஒரு முறை வாசித்துக் கருத்துச் சொன்னால் சரி, அதற்குத் தனிச் செலவு இல்லை.

சபையில் எப்படியும் போட்டிதான் வேண்டும் என்று நின்றால், நிபந்தனைகளோடு ஒத்துக்கொள்ளுங்கள். மனனம் செய்ய முடியாத தலைப்பாக இருக்க வேண்டும். “எங்கள் ஒழுங்கையில் மாறிப்போன ஒன்று” போல. வீட்டில் இருந்து எழுத இரண்டு வாரம் கொடுக்க வேண்டும். வடிவம் பிள்ளையின் விருப்பம். பரிசைக் காசாகவோ கேடயமாகவோ கொடுக்காமல், புத்தகக் கடைக்கான பற்றுச்சீட்டாகப் பிரித்துப் பலருக்குக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அனுப்பிய ஒவ்வொரு பிள்ளைக்கும் தாளின் அடியில் இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு நடுவர்கள் போதாது என்றால், போதுமான ஆட்கள் கிடைக்கும் எண்ணிக்கைக்கு மேல் விண்ணப்பம் எடுக்க வேண்டாம்.

ஒக்டோபரை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. முதலாம் தவணையில் வட்டத்தைத் தொடங்கினால் ஒக்டோபருக்குள் சஞ்சிகையின் முதல் இரண்டு இதழாவது வந்துவிடும். வாசிப்பு மாதத்தில் மண்டபம் எடுப்பதாக இருந்தால், எழுதிய பிள்ளைகள் தங்கள் ஆக்கத்தை வீட்டாருக்கு வாசித்துக் காட்டும் ஒரு பின்னேரமாக அதை வையுங்கள். பிரதம விருந்தினரின் உரையை ஐந்து நிமிடத்தோடு நிறுத்தி, அவருக்கும் ஒரு பேனையைக் கொடுத்து, கடைசிப் பக்கத்தில் கருத்து எழுதச் சொல்லுங்கள்.